சூடான தரையில் பழுத்த மெலோன்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்துக்கு எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு வருகிற முதல் யோசனை – எழுதுவதற்கு நான் யார்? பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகள் மடிக்கிறவள். கடை வரிசையில் பின்னால் நிற்கிறவர் ஒரு பெருமூச்சு விட்டால் போதும், "நீங்கள் முதலில் போங்கள்" என்று விலகிவிடுகிறவள். இந்த வாரம் கூச்சம் இன்னும் கூடுதல். பழம் வாங்குவதைப் பற்றி எழுதப்போகிறேன். பழம் வாங்கத் தெரியாத தமிழர் யாராவது ஒஸ்லோவில் இருக்கிறார்களா? எல்லோரிடமும் ஒரு முறை இருக்கிறது. எல்லோரும் மற்றவருடைய முறையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்...

இருந்தாலும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு மெலோன் பார்த்த வேலை அப்படி.

அண்மையில் ஒரு பின்னேரம். வேலை முடிந்து ரொம்சோஸ் ஸ்டேஷனில் இறங்கி, உறைபனியில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து, எங்கள் கட்டடத்துக்கு வந்து லிஃப்டில் ஏறினேன். எங்கள் மாடியில் கதவு திறந்ததும் – மணம். யாரோ சீனிப்பாகு காய்ச்சி அடிப்பிடிக்க விட்டது போன்ற மணம். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. குளிரில் மரத்துப்போன மூக்குக்கு எந்த இனிப்பும் நல்ல செய்திதானே? யார் வீட்டிலோ பலகாரம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். நடக்க நடக்க மணம் கூடியது. எங்கள் வீட்டுக் கதவில் வந்து நின்றது.

உள்ளே என் கணவர் செற்றியில் அமைதியாக இருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறைக் கூரையடியில் மெல்லிய புகை. பக்கத்து அறை வரை அந்த மணம். அதன் நடுவில், குளத்து நடுவில் கல் இருப்பது மாதிரி, அவர்.

"வந்திட்டீரே? பாண் சூடாக்க ஓவனைப் போட்டனான். தேத்தண்ணி குடிப்பமோ?" என்று கேட்டார்.

நான் சப்பாத்தோடே ஓடிப்போய் ஓவனைத் திறந்தேன். பாண் இன்னும் மேசையில்தான் இருந்தது. ஓவனுக்குள் இருந்தது நான் வாங்கி வைத்த மெலோன். ஒரு பக்கம் கரி. மறு பக்கம் வெடித்து, சாறு கீழே வழிந்து கறுத்துப் பொரிந்துகொண்டிருந்தது.

மெலோனை ஏன் ஓவனில் வைத்தாய் என்று கேட்கிறீர்களா? இங்குள்ள தமிழ்ப் பெண்கள் கேட்கமாட்டார்கள். குளிர்காலத்தில் தோசை மா புளிக்க நாங்கள் என்ன செய்கிறோம்? ஓவனுக்குள் வைத்து, சூட்டைப் போடாமல் லைற்றை மட்டும் எரியவிட்டு, கதவைச் சாத்திவிடுகிறோம். காலையில் மா பொங்கி நிற்கும். மா புளிக்கச் சரியென்றால் மெலோன் பழுக்கவும் சரிதானே என்று வைத்தேன். வைத்ததை அவரிடம் சொல்லவில்லை. ஓவனைப் போடுவதற்கு முன் அவர் திறந்து பார்க்கவும் இல்லை.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஏனென்றால் என் கணவர் ஒரு சமையல்காரர்.

நகரத்தில் ஓர் அலுவலகத்தின் உணவுச்சாலையில் பல வருடங்களாகச் சமைக்கிறார். இலையுதிர் காலத்தில் அவருக்கு ஒரு தடிமன் வந்தது. காய்ச்சல் போனது, இருமல் போனது, உடம்பு நோவு போனது. மணம் தெரிவதும் கூடவே போய்விட்டது. மற்றதெல்லாம் போனதோடு சரி, நிம்மதி. இது ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. டாக்டர் நல்லவர். "காத்திருங்கள், சிலருக்கு வரும், தெரிந்த மணங்களைத் தினமும் முகர்ந்து பழகுங்கள்" என்றார். கோப்பி, கராம்பு, எலுமிச்சைத் தோல் – எல்லாவற்றையும் வரிசையாக மூக்கடியில் பிடித்தார். ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டார்.

முன்பெல்லாம் அந்த மூக்கு என்ன பாடு படுத்தும் தெரியுமா? செற்றியில் இருந்தபடியே, "கடுகு கருகப்போகுது, அடுப்பைக் குறையும்" என்பார். "உது நேற்றைய வெங்காயமோ?" என்பார். விருந்துக்குப் போனால் படியேறும்போதே, "மீன் குழம்பு. ஆனா புளி காணாது" என்று என் காதில் சொல்லுவார். இந்த மனுசனின் மூக்கை ஒரு நாளைக்காவது மூடிவிடு கடவுளே என்று நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்? கேட்டதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் கடவுள் கவனமாகக் கேட்டிருக்கிறார்.

பிறகு வீடு அமைதியாகிவிட்டது. நான் சமைப்பேன். அவர் சாப்பிடுவார். "நல்லாயிருக்கு" என்பார். எதற்கும் "நல்லாயிருக்கு". ஒரு சமையல்காரர் வாயிலிருந்து அதைவிடச் சோகமான ஒரு சொல்லை நான் கேட்டதில்லை.

அவருடைய வேலையிடத்தில் நல்ல மனிதர்கள். மூக்கு சரியாகும் வரை சாமான் அறையில் வேலை செய்யலாமே என்று சொல்லியிருந்தார்கள். பெட்டிகள் வந்தால் இறக்கி அடுக்குவது. மணந்து பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் அவர் அங்கே போனால் சமையலறையில் அவருடைய இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிடுவார்கள். அதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். மருத்துவ விடுப்பு முடிகிற திங்கட்கிழமை அவர் பதில் சொல்ல வேண்டும். அதுவரை முடிவெடுக்காமல்தான் இருந்தார்.

மெலோன் எரிந்த அன்றைக்கு முடிவு எடுத்துவிட்டார். ஓவனைச் சுரண்டிக் கழுவிக்கொண்டே சொன்னார்: "திங்கட்கிழமை ஓம் எண்டு சொல்லப்போறன்."

"எதுக்கு?"

"சாமான் அறைக்கு. எரியிற மணம் தெரியாதவன் அடுப்படியிலை நிக்கக்கூடாதப்பா. நீர் வந்தபடியால் மெலோனோடை போச்சு."

பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருப்பது எனக்குப் பிறவியிலேயே வந்தது. ஆனால் மனதுக்குள், இன்னொரு மெலோன் வாங்குவேன் என்று மட்டும் நினைத்தேன்.

ஏன் மெலோன்? அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மெலோன் அவருடைய பழம். அப்பிள் நான் வாங்குவேன், வாழைப்பழம் யாரும் வாங்கலாம். மெலோன் மட்டும் அவர்தான். நான் சொல்லுவது காலியா என்கிற வகை. பந்து மாதிரி உருண்டை. மஞ்சளும் பச்சையுமான தோல், அதன் மேல் சொரசொரப்பாக வலை பின்னியிருக்கும். உள்ளே சதை வெளிர் பச்சை. நல்லதாக அமைந்தால் அதற்கு நிகர் இல்லை. அமையாவிட்டால் சீனி மறந்த வெள்ளரிக்காய்.

அவர் அதைத் தெரிவு செய்வதைப் பார்க்க வேண்டும்! தட்டிப் பார்க்கமாட்டார். தட்டுவது வத்தகப்பழத்துக்கு, காலியாவுக்குத் தட்டி என்ன பயன் என்பார். ஒரே அளவில் இரண்டை எடுத்து இரண்டு கையிலும் ஏந்துவார். பாரம் கூடியது நிற்கும், மற்றது திரும்பிப் போகும். வலை நன்றாகப் புடைத்திருக்கிறதா என்று பெருவிரலால் தடவுவார். பச்சை மாறி மஞ்சள் படர்ந்திருக்க வேண்டும். காம்புக்கு எதிர்ப்பக்கத்தை மெல்ல அழுத்துவார், கொஞ்சமாக நெகிழ வேண்டும். கடைசியில் அந்த அடிப்பக்கத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். கடையில் ஆட்கள் இடித்துக்கொண்டு போவார்கள். இவர் கண் மூடியபடி, எங்கேயோ போய்விட்டு வருவார். நான் வெட்கத்தில் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்த முகத்தை மறுபடி பார்க்க வேண்டும் போல் இருந்தது. அவ்வளவுதான். மருந்து, மாயம் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை.

ஸ்டோவ்னர் பக்கத்தில் துருக்கிக்காரர் ஒருவருடைய மரக்கறிக் கடை இருக்கிறது. தனியாகப் போனேன். கடைக்காரர் எல்லாப் பெண்களையும் தன் மொழியில் "அப்லா" என்று கூப்பிடுவார். அக்கா என்று அர்த்தமாம். நான் இரண்டு மெலோனைக் கையில் ஏந்தினேன். பாரம் சரி. வலை சரி. மணக்க வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. இத்தனை பேர் நடுவில் ஒரு பழத்தை முகர்வதா? கழுத்துத் துண்டைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்து, ஒரு நொடி...

"அப்லா!" கடைக்காரர் தூரத்திலிருந்து நொர்வேஜிய மொழியில் கத்தினார். "பயப்பிடாதேங்கோ, அது கடிக்காது! நல்லா மணந்து பாருங்கோ!"

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. என் காது சூடாகிவிட்டது. ஆனால் பாருங்கள், ஒரு தடவை எல்லோரும் பார்த்துவிட்டால் பிறகு வெட்கப்பட என்ன மிச்சம் இருக்கிறது? நான்கு பழத்தை நன்றாகவே முகர்ந்தேன்.

"உங்கட மனுசன் எங்கை? அவர்தானே பழத்தோடை கதைக்கிறவர்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"வீட்டிலை" என்றேன். ஒரு பழத்தைத் தெரிந்து தராசில் வைத்தேன்.

இது மாசி மாதம். நல்ல மெலோன் இங்கே கோடை முடிவில்தான் வரும். இப்போது வருவதெல்லாம் கடல் தாண்டி, குளிர்ப் பெட்டியில் தூங்கித் தூங்கி வருகிறவை. நான் எடுத்ததில் மணம் இருந்தது என்று சொல்லமுடியாது. மணத்தின் ஒரு நினைவு இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். எதிரே இருந்த ஒரு குழந்தை அதையே பார்த்துக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி நீலமாகிக்கொண்டிருந்தது – இங்கே இருட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் எல்லாமே நீலமாகுமே, அந்த நேரம். பிறகு ரயில் மலைக்குள் நுழைந்தது. ரொம்சோஸ் ஸ்டேஷன் பாறைக்குள்தானே இருக்கிறது. பாறைக்குள் ஒரு பழத்தோடு இறங்கி நடந்தபோது, கனவில் நடக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

சரி, எங்கே பழுக்க வைப்பது? ஓவன் இனிக் கூடாது. ஜன்னலடியில் குளிர். ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு கன்னம் மட்டும் வெந்து மறு கன்னம் கல்லாகவே இருக்கும். பிரிட்ஜில் வைத்தால் – பழுக்காத மெலோனை மட்டும் பிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள், அது அப்படியே தூங்கிவிடும். பிறகு எழும்பாது.

துரொண்ட்ஹைமில் படிக்கும் மகள் அபிராவிடம் தொலைபேசியில் கேட்டேன். அவளுக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை.

"பாத்ரூமிலை வையுங்கோ அம்மா. கீழை வார்மகாபல் இருக்குத்தானே?"

வார்மகாபல் என்றால் தரைக்கு அடியில் ஓடும் சூட்டுக் கம்பி. இந்த நாட்டுக் குளியலறைகளில் தரை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். அதுதான்.

"பாத்ரூமிலையோ? சாப்பிடுற சாமானையோ?"

"என்ர கூட்டாளி பாண் மாவே அங்கைதான் வைச்சுப் பொங்கப் பண்ணுறவள். ஒண்டும் ஆகாது. அப்பாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ!"

அப்பாவுக்குச் சொல்லக்கூடாதுதான். எந்தப் பழம் வீட்டுக்கு வந்தாலும் முதல் துண்டைச் சாமித்தட்டில் பிள்ளையாருக்கு வைத்துவிட்டுத்தான் அவர் வாயில் வைப்பார். குளித்துவிட்டுத் துடைத்த துவாயைக்கூடச் சமையலறைக்குள் விடமாட்டார். குளியலறைத் தரையில் இருந்த பழத்தை அவர் சாப்பிடுவாரா? பிள்ளையார்தான் சாப்பிடுவாரா?

யோசித்தேன். பிறகு சலவை மெஷினுக்குப் பக்கத்து மூலையில், சலவைசெய்த வெள்ளைத் துவாய் ஒன்றை மடித்து வைத்து, அதன் மேல் மெலோனை வைத்து, உடுப்புக் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து மூடிவிட்டேன். உடுப்புக் கூடை என் இராச்சியம். அவர் கை வைக்கமாட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? காலையில் வெளியே இருட்டாக இருக்கும்போதே எழும்பிப் போவேன். வெறுங்காலுக்குத் தரையின் சூடு. கூடையைத் தூக்கிப் பார்ப்பேன். பச்சை கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பின்னேரங்களில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே பள்ளத்தாக்கில் ஒவ்வொரு ஜன்னலாக லைற் ஏற்றுவார்களே, அது மாதிரி, நாம் பார்க்கும்போது மாறாது, பார்க்காதபோது மாறும். ஒரு பக்கம் மட்டும் சூடாகிவிடக்கூடாது என்று தினமும் திருப்பி வைத்தேன். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுவேன். வெளியே பனி விழுகிற சத்தமில்லாத சத்தம். உள்ளே நானும் ஒரு பழமும். இந்த வயதில் இதெல்லாம் என்ன என்று நீங்கள் கேட்கலாம்... எனக்கு எந்த வயதிலும் இப்படி ஒரு இடம் கிடைத்ததில்லை.

மணம் வந்தது. முதலில் கூடையைத் தூக்கினால் மட்டும். பிறகு கூடையைத் தூக்காமலே. தேனும் பூவும் கலந்து, கொஞ்சம் புளித்த மாதிரியும். கதவைத் திறந்தவுடன் முகத்தில் வந்து படும். அவர் போவார், பல் தீட்டுவார், சவரம் செய்வார், வருவார். ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை. பழம் பழுத்துவிட்டது, இனி வைத்திருந்தால் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் இன்னொரு நாள், இன்னொரு நாள் என்று விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. நான் சமையலறையில் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் குளியலறையிலிருந்து வெளியே வந்தார்.

"இஞ்சாரும், பாத்ரூம் சாக்கடை அடைச்சுப்போச்சுது போல. என்னவோ அழுகின மாதிரி மணக்குது."

என் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

"என்னப்பா சொன்னனீங்கள்?"

"சாக்கடையப்பா. மணக்குது எண்டு..." அவர் அங்கேயே நின்றார். வாய் திறந்தபடி. தான் சொன்ன சொல்லை அப்போதுதான் தானே கேட்டார்.

அவர் மெல்லத் திரும்பி உள்ளே போனார், ஒரு பறவை பறந்துவிடும் என்று பயந்தவர் மாதிரி. நான் ஈரக்கையோடு பின்னால் போனேன். அவர் முழந்தாளில் இருந்து சாக்கடை மூடியில் மூக்கை வைத்தார். "இது இல்லை." சவர்க்காரத் தூள் பெட்டியைத் திறந்து முகர்ந்தார். "இதிலை ஒண்டும் தெரியேல்லை." ஷாம்பு. இல்லை. தரையோடு தரையாக முழந்தாளில் நகர்ந்து வந்து, உடுப்புக் கூடைக்கு முன்னால் நின்றார்.

கூடையைத் தூக்கினார்.

வெள்ளைத் துவாயின் மேல் மெலோன், மஞ்சளாய்.

"இதென்னப்பா... கோழியை அடை வைச்ச மாதிரி?"

நான் சிரிக்கத் தொடங்கினேன். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அவர் பழத்தை எடுத்தார். அடிப்பக்கத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். கண்ணை மூடினார். குளியலறைத் தரையில், முழந்தாளில் இருந்தபடி, எங்கேயோ போனார்.

திரும்பி வர நேரமெடுத்தது.

"அழுகேல்லை. மெலோன்தான். ஆனா பிழையா மணக்குது. வேறை ஆரோ சொல்லித் தந்த மெலோன் மாதிரி."

"அது காணுமப்பா."

"காணாது" என்றார். போதாதாம்! எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு குறை! எனக்கு அது தேவாரம் மாதிரிக் கேட்டது.

முறைப்படி என்றால், பழுத்த மெலோனைச் சிறிது நேரம் பிரிட்ஜில் வைத்து இலேசாகக் குளிரவிட்டு வெட்ட வேண்டும். கடுங்குளிராகவும் கூடாது, ருசி செத்துவிடும். வெட்டி மிஞ்சினால் மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிட்ஜில் உள்ள பாலெல்லாம் மெலோன் மணக்கும். விதையைக் கடைசிவரை எடுக்காமல் விட்டால் சதை காயாது. இதெல்லாம் உங்களுக்காக எழுதுகிறேன். நாங்கள் அப்படியே, தரையின் சூட்டோடு கொண்டுபோய் வெட்டினோம்.

முதல் துண்டை எடுத்தவர் கத்தியோடு நின்றார்.

"இதைப் பிள்ளையாருக்கு வைக்கலாமோ?"

"துவாயிலைதான் வைச்சனான். நல்ல துவாய். சலவைசெய்தது" என்றேன்.

"எண்டாலும் பாத்ரூம் பழம். அவருக்குத் தெரியாமல் வைச்சாலும் சரியில்லை..." கொஞ்சம் யோசித்தார். பிறகு உதடு ஓரமாகச் சிரித்தார். "அவருக்கு இருக்கிற மூக்குக்குத் தெரியாமல் இருக்குமே? இவ்வளவு நாளும் மணந்துகொண்டுதானே இருந்திருப்பார். வேண்டாம் எண்டால் அப்பவே சொல்லியிருப்பார்."

துண்டைச் சாமித்தட்டில் வைத்துவிட்டு வந்து இருந்தார். தன் துண்டில் ஒரு சிட்டிகை உப்பும் மிளகுத்தூளும் போட்டார். வாயில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மென்றார்.

"வருகுது... பிறகு போகுது. தூரத்து றேடியோ மாதிரி."

"எந்த ஸ்டேசன்?"

"தெரியேல்லை. ஆனா ஆரோ கதைக்கினம்."

வெளியே நீலமாகிக்கொண்டிருந்தது. நாங்கள் லைற் போடவில்லை. முழுப் பழத்தையும் சாப்பிட்டு முடித்தோம். தோலையும் எறியவில்லை, மேசையிலேயே விட்டுவைத்தோம்.

வீட்டில் குறை சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்று சலித்துக்கொள்ளுகிறவர்களே... எதற்கும் "நல்லாயிருக்கு" என்று சொல்லத் தொடங்கினால் கவனியுங்கள்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. அவர் போய், சமையலறையிலேயே நிற்கிறேன், கொஞ்ச நாளைக்கு வேறு யாராவது பக்கத்தில் நின்று மணந்து சொல்லட்டும் என்று பதில் சொல்லிவிட்டு வந்தார். சப்பாத்தைக் கழற்றும்போது, லிஃப்டுக்குள் நனைந்த நாய் மணக்குது என்றார்.